பழைய காரில் ஆயில் லைட் எரிந்தால்: சாவியை அணைப்பது முதல் சம்ப்பைக் கழற்றுவது வரை

பழைய காரின் மீட்டர் போர்டில், மூக்கு நீண்ட எண்ணெய்க் குப்பியிலிருந்து ஒரு சொட்டு விழுவதுபோன்ற சிவப்புச் சின்னம் ஒன்று இருக்கும். சாவியைத் திருப்பியதும் எரிந்து, என்ஜின் ஓடத் தொடங்கிய ஓரிரு நொடிகளில் அணைந்துவிடும் இந்த விளக்கை மெக்கானிக்குகள் ஆயில் லைட் என்பார்கள். முதன்முதலாகப் பழைய கார் வாங்குபவர்களில் பலர், இது ஆயில் குறைந்திருப்பதைக் காட்டும் விளக்கு என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அது அளவைக் காட்டுவதில்லை. என்ஜினுக்குள் ஓடும் ஆயிலின் அழுத்தம், அதாவது பிரஷர், ஆபத்தான நிலைக்கு இறங்கிவிட்டது என்பதை மட்டுமே காட்டுகிறது. ஆயில் தொட்டியான சம்ப் நிறைய ஆயில் இருந்தும் பிரஷர் இல்லாமற்போகலாம். அரை லிட்டர் குறைந்திருந்தும் பிரஷர் சரியாக இருந்து, விளக்கு எரியாமலேயே இருக்கலாம்.

இந்தக் கட்டுரையில் உதாரணத்துக்கு மாருதி 800-ஐ எடுத்துக்கொள்கிறேன். 1983 முதல் 2014 வரை விற்பனையில் இருந்த, 796 சி.சி. மூன்று சிலிண்டர் என்ஜின் கொண்ட இந்தக் காரில்தான் நம்மில் பலர் ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொண்டோம். ஆனால் இங்கே சொல்லும் முறை அம்பாசிடருக்கும், பிரீமியர் பத்மினிக்கும், ஆயில் லைட்டை இயக்கும் ஒற்றை ஒயர் பிரஷர் சுவிட்ச் கொண்ட வேறெந்தப் பழைய பெட்ரோல் காருக்கும் பொருந்தும். செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்கி, செலவு மிகுந்ததை நோக்கிப் போக வேண்டும். நடுவில் ஒரு படியையும் தாண்டக் கூடாது.

விளக்குக்குப் பின்னால் நடப்பது

என்ஜினின் அடியில் தொங்கும் தொட்டிதான் சம்ப். அதில் கிடக்கும் ஆயிலை, ஸ்ட்ரைனர் எனப்படும் கம்பிச் சல்லடை வழியாக ஆயில் பம்ப் உறிஞ்சி, ஃபில்டருக்குள் தள்ளுகிறது. ஃபில்டரைத் தாண்டிய ஆயில், என்ஜினின் உடலான பிளாக்கில் துளைக்கப்பட்ட பாதைகள் வழியாக, முக்கியச் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் மெயின் பேரிங்குகளுக்கும், பிஸ்டன்களை அதோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளின் பெரிய முனைப் பேரிங்குகளுக்கும், மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டுக்கும் போய்ச் சேர்கிறது. பேரிங்குக்கும் ஷாஃப்டுக்கும் இடையே உள்ள இடைவெளி பொதுவாக 0.02 முதல் 0.05 மில்லிமீட்டர், அதாவது ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. அந்த இடுக்கில் நிற்கும் ஆயில் படலத்தின் மேல்தான் ஷாஃப்ட் மிதந்து சுழல்கிறது. இரும்பு பேரிங்கைத் தொடுவதில்லை.

தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போது குழாயின் வாயை விரலால் அடைத்தால் தண்ணீர் சீறிப் பாய்வதும், விரலை எடுத்துவிட்டால் சோர்ந்து விழுவதும் எல்லோரும் பார்த்ததுதான். பம்ப் அனுப்புவது ஆயிலின் ஓட்டத்தைத்தான்; அந்த ஓட்டத்தை பேரிங் இடுக்குகள் தடுப்பதால்தான் பிரஷர் பிறக்கிறது. ஆகவே பிரஷர் விழுவதற்கு மூன்று வழிகளே உண்டு: பம்புக்கு ஆயில் வந்து சேரவில்லை, பம்ப் தள்ளவில்லை, அல்லது தள்ளியதைத் தடுத்து நிறுத்த வேண்டிய இடுக்குகள் தேய்ந்து அகன்றுவிட்டன. ஆயில் தண்ணீர்போல் நீர்த்துப்போவதும் இந்த மூன்றாவது வழியில்தான் வேலை செய்கிறது.

பிரஷர் சுவிட்ச் என்பது பிளாக்கில் முடுக்கப்பட்ட, பெருவிரல் நுனி அளவுள்ள ஒரு சிறு பொருள். பிரஷர் இல்லாதபோது அதற்குள் இருக்கும் தொடுமுனை மூடியிருக்கும். மீட்டர் போர்டிலிருந்து வரும் ஒயர் அதன் வழியாக பிளாக்கில் எர்த் ஆகி விளக்கு எரியும். பிரஷர் வந்ததும் உள்ளே இருக்கும் மெல்லிய தகடு தள்ளப்பட்டு, தொடுமுனை பிரிந்து, விளக்கு அணையும். இது நிகழும் எல்லை பெரும்பாலான கார்களில் சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோவுக்கும் குறைவு, அதாவது ஏறக்குறைய 7 பி.எஸ்.ஐ.க்கு (சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு) கீழே. டயரில் நாம் அடிக்கும் காற்று 30 பி.எஸ்.ஐ. என்பதை நினைத்துப் பார்த்தால், இது எவ்வளவு சொற்பம் என்பது புரியும். நெடுஞ்சாலையில் 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் 12 மட்டுமே இருந்தாலும் விளக்கு எரியாது. அது எரியும்போது சேதம் பெரும்பாலும் தொடங்கியிருக்கும். அதனால்தான் "சுவிட்ச் போயிருக்கும் சார், ஓட்டுங்க" என்ற வாக்கியத்தைக் கேட்டால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

ஓடிக்கொண்டிருக்கும்போது எரிந்தால்

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, இண்டிகேட்டர் போட்டு, வண்டியை ஓரங்கட்டி, உடனே என்ஜினை அணைக்க வேண்டும். அடுத்த பெட்ரோல் பங்க் இரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது என்று பார்க்கக் கூடாது. கடகட என்ற சத்தமும் சேர்ந்து வந்தால், பின்னால் வரும் வண்டிகளைக் கவனித்தபடி கிளட்சை மிதித்து, ஓடும்போதே என்ஜினை அணைத்துவிட்டு, உருண்டுபோய் ஓரத்தில் நிற்கலாம். ஆனால் சாவியை ஒரு நிலை மட்டுமே பின்னால் திருப்ப வேண்டும். கடைசிவரை திருப்பி உருவிவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில், என்ஜின் அணைந்தபின் ஓரிரு மிதிகளுக்கே உதவி கிடைக்கும், ஆகவே விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்திப் பிடிக்க வேண்டும்.

நின்றபின் சாலையில் ஆயில் தாரை விழுந்திருக்கிறதா என்று வண்டிக்குப் பின்னால் நடந்து பாருங்கள். அடியில் குனிந்து, ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட் இருக்கிறதா, ஃபில்டரைச் சுற்றி ஈரம் இருக்கிறதா, சம்ப்பில் புதிதாக நெளிவு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம்" என்ற ஆசையை, ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கைப் பார்க்கும்வரை அடக்கி வையுங்கள்.

டிப்ஸ்டிக் சொல்லும் நான்கு செய்திகள்

வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். என்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் காத்திருந்தால் மேலே ஏறிய ஆயில் சம்ப்புக்கு இறங்கிவிடும். டிப்ஸ்டிக்கை உருவி, நூல் பிரியாத துணியால் துடைத்து, முழுவதும் செருகி, மீண்டும் உருவிப் பார்க்க வேண்டும். முதல்முறை உருவும்போது தெரியும் அளவை நம்பக் கூடாது. குழாயின் சுவரில் ஒட்டியிருக்கும் ஆயில் அதைக் கெடுத்திருக்கும்.

முதல் செய்தி அளவு. இரண்டு குறிகளுக்கும் நடுவே உள்ள தூரம் பெரும்பாலான கார்களில் முக்கால் முதல் ஒரு லிட்டர் ஆயிலைக் குறிக்கும். கீழ்க்குறிக்குக் கீழே இருந்தால், கால் லிட்டராக ஊற்றி, சில நிமிடம் விட்டு, திரும்பத் திரும்ப அளந்து மேல்குறிக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். ஒரேயடியாக ஊற்றி மேல்குறியைத் தாண்டினால், சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும். நுரையை உறிஞ்சும் பம்பால் பிரஷர் தர முடியாது. ஆயில் லைட் எரிகிறது என்று பயந்து இரண்டு லிட்டர் ஊற்றி, அந்த ஆயிலாலேயே விளக்கு எரிய வைத்தவர்களை நான் அறிவேன்.

இரண்டாவது, மணம். டிப்ஸ்டிக் நுனியை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால், அதிலும் ஊற்றாமலேயே அளவு ஏறியிருந்தால், ஆயிலில் பெட்ரோல் கலந்திருக்கிறது. கார்புரேட்டர் வண்டிகளில் என்ஜினாலேயே இயங்கும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்தாலோ, சோக் விடுபடாமல் சிக்கிக்கொண்டாலோ இப்படி ஆகும். ஆயில் குறையவே இல்லையே என்று மகிழும் பழைய வண்டிக்காரர்கள் ஒருமுறை முகர்ந்து பார்ப்பது நல்லது.

மூன்றாவது, நிறம். கறுப்பு நிறத்துக்குக் கவலைப்பட வேண்டியதில்லை. பால் கலந்த காபிபோல் வெளுத்துக் குழம்பியிருந்தால், ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்கிறது, பெரும்பாலும் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. அந்த நிலையில் என்ஜினை ஒரு சுற்றுகூடச் சுற்றவிடாமல், வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். நான்காவது, வழவழப்பு: பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சொட்டை வைத்துத் தேய்த்தால் மணல்போல் நெருடக் கூடாது, வெளிச்சத்தில் மினுமினுப்பும் தெரியக் கூடாது.

அளவு குறைந்திருந்து, ஊற்றியதும் விளக்கு அணைந்து, என்ஜினும் வழக்கம்போல் ஓடினால், உடனடி ஆபத்து நீங்கியது என்று கொள்ளலாம். ஆனால் ஆயில் எங்கே போனது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. சைலன்சரில் நீலப் புகை வந்தால் எரிகிறது. நிறுத்தும் இடத்தில் கறை விழுந்தால் ஒழுகுகிறது.

எப்போது எரிகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஒரு நல்ல மெக்கானிக் பானெட்டைத் திறப்பதற்கு முன் கேட்கும் கேள்வி இதுதான். காலையில் ஸ்டார்ட் செய்ததும் நான்கைந்து நொடி எரிந்துவிட்டு அணைந்தால், இரவில் ஃபில்டரிலிருந்து ஆயில் வடிந்துவிடுகிறது. அதைத் தடுக்க வேண்டிய ரப்பர் வால்வு இல்லாத மலிவான போலி ஃபில்டர் மாட்டப்பட்டிருக்கலாம். வளைவில் திரும்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் மட்டும் மினுக்கினால், ஆயில் ஒரு பக்கமாகச் சரிந்து ஸ்ட்ரைனர் காற்றை உறிஞ்சுகிறது. அளவு குறைவு என்பதற்கு அது ஏறக்குறைய சாட்சி. ஆயில் மாற்றிய அன்றே எரிந்தால், பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதிய ஃபில்டரை முடுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். இரட்டை வளையத்தின் வழியாக ஆயில் பீறிட்டு வெளியேறும். பெரிய வேகத்தடையிலோ கல்லிலோ அடி பட்ட பின் எரிந்தால், சம்ப்பின் அடித்தகடு உள்ளே நெளிந்து ஸ்ட்ரைனரின் வாயை அடைத்திருக்கும்.

நெடுந்தூரம் ஓடிச் சூடான பின், சிக்னலில் நிற்கும்போது மட்டும் மினுக்கி, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் அணைவதுதான் பழைய வண்டிகளில் அதிகம் பார்க்கும் வகை. இதில் முதலில் ஐட்லிங் வேகத்தை, அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது என்ஜின் சுற்றும் வேகத்தைப் பாருங்கள். பெரும்பாலான பழைய பெட்ரோல் கார்களுக்கு 750 முதல் 900 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வேண்டும். மைலேஜுக்காக யாராவது கார்புரேட்டர் திருகைத் திருப்பி 500-க்கு இறக்கி வைத்திருந்தால், நல்ல என்ஜினிலும் விளக்கு மினுக்கும். அடுத்து ஆயிலின் ரகம், அதாவது அதன் கெட்டித்தன்மை. கார்புரேட்டர் காலத்து வண்டிகளுக்கு நம் ஊர் வெப்பத்தில் 20டபிள்யூ-40 ஊற்றுவதே வழக்கம். இன்றைய கார்களுக்கான மெல்லிய 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30 ஆயிலை, விலை அதிகம் என்பதால் நல்லதாக இருக்கும் என்று நம்பி ஊற்றினால், தேய்ந்த பேரிங்குகளின் வழியாக அது தடையின்றி வழிந்துவிடும். இரண்டும் சரியாக இருந்தும் மினுக்கினால் பேரிங் அல்லது பம்ப் தேய்மானத்தை நோக்கியே விரல் நீளும்.

இதற்கு நேர்மாறாக, ஐட்லிங்கில் அணைந்திருந்து வேகம் ஏறும்போது எரிந்தால், அது பேரிங் அல்ல. பம்ப் அதிகமாகக் கேட்கிறது, ஸ்ட்ரைனர் கொடுக்கவில்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் வையுங்கள். கீழே சொல்லப்போகும் என் கதை இதைப் பற்றியதுதான்.

சுவிட்சையும் ஒயரையும் சோதித்தல்

அளவு சரியாக இருப்பது உறுதியான பிறகே இந்தப் படி. சுவிட்ச் பெரும்பாலும் ஆயில் ஃபில்டரின் அருகே பிளாக்கில் இருக்கும். சில என்ஜின்களில் ஹெட்டில் இருக்கும். ஒற்றை ஒயர் மட்டும் செருகிய சிறு பித்தளை அல்லது எஃகுப் பொருளைத் தேடுங்கள். என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். விளக்கு எரிய வேண்டும். இப்போது ஒயரை உருவுங்கள். விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால், ஒயர் எங்கேயோ தோல் உரிந்து பாடியில் எர்த் ஆகிறது. சைலன்சர் அருகே உருகியிருக்கிறதா என்று தேடுங்கள். ஒயரின் நுனியை பிளாக்கில் சுத்தமான இரும்பில் தொட்டால் மீண்டும் எரிய வேண்டும். எரியாவிட்டால் பல்ப் ஃபியூஸ் ஆகியிருக்கிறது அல்லது ஒயர் அறுந்திருக்கிறது. அப்படியானால் இத்தனை நாளும் உங்களுக்குக் காவலே இருந்ததில்லை.

பழைய கார் வாங்கப் போகும்போதும் இந்தச் சோதனை உதவும். தேய்ந்த என்ஜினை விற்பவர்களில் சிலர் ஆயில் லைட் ஒயரை பேட்டரி சார்ஜ் விளக்கோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். இரண்டும் ஒரே கணத்தில் அணையும், பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். சாவி ஆன் நிலையில் சுவிட்ச் ஒயரை உருவிப் பாருங்கள். விளக்கு அணையாமல் நின்றால், ஒயர் பழுதோ தந்திரமோ, விலை பேசுவதற்கு முன் காரணம் தெரிந்தாக வேண்டும்.

சுவிட்சின் ஒயர் முனையில் ஆயில் கசிந்திருந்தால் அது உடைந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான். புதியதை மாட்டும்போது மரைக்கு டெஃப்லான் டேப்பை வரிந்து கட்டாதீர்கள். சுவிட்சுக்கு எர்த் கிடைப்பதே அந்த மரை வழியாகத்தான், டேப் தடுத்தால் விளக்கு எரியாமலே போகலாம். பிய்ந்த டேப் துணுக்கு ஆயில் பாதைக்குள் போனால் அது வேறொரு தொல்லை. மரை கூம்பு வடிவில் இருப்பதால் கையால் முடுக்கியபின் ஸ்பேனரால் மிதமாக இறுக்கினாலே போதும். முழு பலத்தையும் காட்டினால் அலுமினிய இடங்களில் விரிசல் விழும்.

கேஜ் மாட்டிப் பார்க்காமல் தீர்ப்பு எழுதாதீர்கள்

புதிய சுவிட்ச் மாட்டியும் விளக்கு எரிகிறது என்றால், இன்னொரு சுவிட்ச் வாங்காதீர்கள். சுவிட்சைக் கழற்றிய துளையிலேயே மெக்கானிக்கல் ஆயில் பிரஷர் கேஜை மாட்டி, உண்மை எண்ணைப் படியுங்கள். இந்தக் கேஜ் பெரிய விலை கொண்டதல்ல. ஓரளவு அனுபவமுள்ள ஒர்க்‌ஷாப்பில் நிச்சயம் இருக்கும். ஜப்பானிய வடிவமைப்பு என்ஜின்களில் துளை பொதுவாக அங்குலத்துக்கு 28 மரை கொண்ட எட்டில் ஒரு அங்குல பிரிட்டிஷ் கூம்பு மரை. 27 மரை கொண்ட அமெரிக்க அடாப்டரும் ஏறக்குறைய நுழையும், இரண்டு சுற்றுக்குப் பின் இறுகும், மேலும் முடுக்கினால் துளையின் மரையைத் தின்றுவிடும்.

என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஒருமுறையும், ரேடியேட்டர் விசிறி ஒருமுறையாவது ஓடும் அளவுக்குச் சூடான பின் ஒருமுறையும் படியுங்கள். உங்கள் வண்டியின் சர்வீஸ் மானுவல் சொல்லும் எண்ணே இறுதியானது. அது கையில் இல்லாவிட்டால், ஆயிரம் ஆர்.பி.எம்.முக்குப் பத்து பி.எஸ்.ஐ. என்ற பழைய கணக்கு ஓரளவு வழிகாட்டும்: சூடான ஐட்லிங்கில் 10-க்குக் குறையாமலும், 3000 ஆர்.பி.எம்.மில் 30-க்குக் குறையாமலும் இருக்க வேண்டும்; நல்ல என்ஜின் 40-ஐத் தாண்டும். எண் சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் மட்டுமே சுவிட்சைக் குற்றவாளி என்று சொல்லலாம்.

என்னிடம் இருந்த 1997ஆம் ஆண்டு மாருதி 800-இல், மே மாதப் பிற்பகல் ஒன்றில் மேல்மருவத்தூரைத் தாண்டித் திண்டிவனம் நோக்கிப் போகும்போது, மணிக்கு 70 கிலோமீட்டரில் ஆயில் லைட் எரிந்தது. நிறுத்தினேன். அளவு சரி, மணம் சரி. பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் விளக்கு சாதுவாக அணைந்தது. மீண்டும் 70 தொட்டதும் எரிந்தது. வழியில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் சுவிட்சை மாற்றினார்கள். மறுவாரம் அதே இடத்தில் மறுபடி மாற்றினார்கள். மூன்றாவது முறை வேறொரு மெக்கானிக் அண்ணனிடம் போனேன், அவர் சுவிட்சைத் தொடவே இல்லை, "வேகத்துல எரியுதா, நிக்கும்போது எரியுதா தம்பி?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கேஜை எடுத்து வந்தார். ஐட்லிங்கில் முள் ஒரு கிலோவுக்கு (சுமார் 14 பி.எஸ்.ஐ.) மேலேயே நின்றது. 3000 ஆர்.பி.எம்.மில் பிடித்ததும் மூன்று கிலோவுக்கு ஏறி, அரை நிமிடம் நின்று, பிறகு நடுங்கியபடி அரை கிலோவுக்கும் கீழே சரிந்தது. சம்ப்பைக் கழற்றினோம். ஆறு மாதத்துக்கு முன் சம்ப் ஒழுகலுக்காக வேறோர் இடத்தில் பூசியிருந்த சிலிக்கன் பேஸ்ட், உள்ளே பிதுங்கி, சேமியாபோல் நீளநீளமாகப் பிய்ந்து ஸ்ட்ரைனர் முழுவதும் அப்பிக்கொண்டிருந்தது. என்ஜின் அணைந்திருக்கும்போது அது தளர்ந்து கீழே விழும், வேகத்தில் உறிஞ்சப்பட்டுத் திரும்பவும் ஒட்டும். பெரிய முனைப் பேரிங்குகளில் செம்பு நிறம் தெரியத் தொடங்கியிருந்தது. அந்த மூன்று ஜோடியையும் மாற்ற வேண்டியதாயிற்று. முதல் நாளே கேஜ் மாட்டியிருந்தால் ஸ்ட்ரைனரைக் கழுவியதோடு முடிந்திருக்கும்.

சம்ப்பைக் கழற்றும்போது

கேஜில் எண் குறைவாக இருப்பது உறுதியானால் அடுத்த படி இது. ஆயிலைச் சுத்தமான தட்டில் வடியுங்கள். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் படுக்காதீர்கள்; இரண்டு ஜாக் ஸ்டாண்டுகள் இல்லாவிட்டால் இந்த வேலையைப் பள்ளம் உள்ள ஒர்க்‌ஷாப்பில் செய்வதே சரி. பழைய ஃபில்டரைத் தூக்கி எறியாமல் தகட்டை வெட்டித் திறந்து, உள்ளே இருக்கும் காகிதத்தைப் பிரித்து வெயிலில் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் துகள் இரும்பு. ஒட்டாமல் வெள்ளி அல்லது செம்பு நிறத்தில் மின்னுவது பெரும்பாலும் பேரிங் உலோகம். அது கண்ணுக்குத் தெரியும் அளவில் கிடந்தால், மேற்கொண்டு சோதனைக்கு இடமில்லை, என்ஜின் வேலை வந்துவிட்டது.

சம்ப்பின் அடியில் கறுப்பு அல்வாபோல் படிந்திருக்கும் கசடை முழுவதும் சுரண்டி, மண்ணெண்ணெயில் கழுவித் துடையுங்கள். ஸ்ட்ரைனரின் வலையைப் பின்பக்கமிருந்து பீய்ச்சிக் கழுவுங்கள். ஸ்ட்ரைனர் குழாய் பம்போடு சேரும் இடத்தில் உள்ள ரப்பர் வளையம் கெட்டித்து விரிந்திருந்தால், அங்கே காற்று புகும். அதை எப்படியும் புதிதாகப் போட்டுவிடுங்கள். திரும்ப மூடும்போது சிலிக்கன் பேஸ்ட் பயன்படுத்துவதானால் மெல்லிய நூல் அளவுக்கு மேல் வேண்டாம். கசடைக் கரைப்பதாகச் சொல்லி விற்கும் ஃப்ளஷ் திரவங்களைப் பழைய என்ஜினில் ஊற்றுவதை நான் ஏற்பதில்லை. மூலைகளில் அசையாமல் கிடந்த கசடு பெயர்ந்து நேராக ஸ்ட்ரைனருக்கே வந்து சேரும்.

பம்ப், ரிலீஃப் வால்வு, பேரிங்

ஸ்ட்ரைனர் சுத்தமாக இருந்தும் பிரஷர் இல்லையென்றால் இந்த மூன்றில் ஒன்று. ரிலீஃப் வால்வு என்பது பிரஷர் எல்லை மீறாமல் இருக்க, கூடுதல் ஆயிலைத் திரும்பச் சம்ப்புக்கே விடும் சிறு ஸ்பிரிங் வால்வு. அது துகள் சிக்கித் திறந்தே நின்றுவிட்டால் பிரஷர் ஏறாது; கழற்றிக் கழுவினால் சரியாகிவிடும் என்பதால் இதை முதலில் பார்க்க வேண்டும். பம்பைப் பொறுத்தவரை, மாருதி 800-இல் அது கிராங்க் ஷாஃப்டின் முன்முனையில், டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால் இருக்கிறது. பெல்ட்டைக் கழற்றித்தான் எட்ட வேண்டும் என்பதால், அந்த வேலையோடு பெல்ட்டையும் ஆயில் சீலையும் புதிதாகப் போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். டைமிங் குறிகளைச் சரியாகப் பொருத்தத் தெரியாதவர்கள் இதைத் தாமே செய்ய வேண்டாம்.

பேரிங் தேய்மானத்தைக் காது ஓரளவு சொல்லும். ஆக்சிலரேட்டரைக் கொடுத்து விடும்போது கடகடவென்று கூர்மையாகத் தட்டினால் கனெக்டிங் ராடு பேரிங். ஏற்றத்தில் பளு ஏறும்போது கீழே ஆழத்திலிருந்து மந்தமாக உறுமினால் மெயின் பேரிங். பேரிங்குகளை மட்டும் மாற்றினால் போதுமா, கிராங்க் ஷாஃப்டை லேத்தில் கொடுத்து அரைத்து, தடிமன் கூடிய பேரிங் போட வேண்டுமா என்பதை மைக்ரோமீட்டர் வைத்து அளந்த பிறகே முடிவு செய்ய வேண்டும், கண்ணால் பார்த்து அல்ல.

இந்தக் கட்டத்தில் யாராவது 20டபிள்யூ-50 ஊற்றியோ கெட்டியாக்கும் மருந்து கலந்தோ விளக்கை அணைத்துத் தருகிறேன் என்பார். கெட்டி ஆயிலால் சூடான ஐட்லிங்கில் எண் கொஞ்சம் ஏறும் என்பது உண்மைதான். வண்டியை இன்னும் சில மாதம் ஊருக்குள் மட்டும் ஓட்டிவிட்டுக் கழிக்கப் போகிறவர் அதைச் செய்துகொள்ளலாம். ஆனால் பேரிங் தேய்மானம் அதனால் நிற்பதில்லை. ஸ்ட்ரைனர் அடைப்புக்கோ, கெட்டி ஆயில் நிலைமையை மேலும் மோசமாக்கும்.

மூடிய பிறகு முதல் ஸ்டார்ட்

சம்ப்போ பம்போ கழற்றிய என்ஜினின் ஆயில் பாதைகள் காலியாக இருக்கும். பம்பை மாட்டும் முன் அதன் பற்களில் ஆயிலைத் தாராளமாக ஊற்றி வையுங்கள், புதிய ஃபில்டர் நிமிர்ந்து மாட்டும் வகையானால் அதிலும் ஊற்றுங்கள். பிறகு கார்புரேட்டர் வண்டியில் ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் காயிலின் சிறு ஒயரைக் கழற்றி, என்ஜின் பிடித்துக்கொள்ளாதபடி, பத்துப் பத்து நொடியாக ஸ்டார்ட்டர் மோட்டாரால் மட்டும் சுற்றுங்கள். நடுவில் மோட்டார் ஆற அரை நிமிடம் விடுங்கள். இப்படிச் சுற்றும்போதே ஆயில் லைட் அணைய வேண்டும். ஐந்தாறு முறை சுற்றியும் அணையாவிட்டால் நிறுத்திவிட்டு ஸ்ட்ரைனர் குழாயின் இணைப்பைத் திரும்பப் பாருங்கள். அணைந்துவிட்டால் ஒயரை மாட்டி ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் சில நிமிடம் ஐட்லிங்கில் விட்டு, அடியில் எங்காவது சொட்டுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஃபில்டர் குடித்த ஆயிலுக்கு ஈடாக இன்னும் கொஞ்சம் ஊற்ற வேண்டியிருக்கும். முதல் நூறு கிலோமீட்டர் முடிந்ததும், சுவிட்சைக் கழற்றி அந்தத் துளையில் கேஜை மாட்டிப் படித்த சூடான ஐட்லிங் எண்ணைத் தேதியோடு சர்வீஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிவையுங்கள். அடுத்த முறை கேஜ் மாட்டும்போது ஒப்பிட அந்த எண்தான் வேண்டும்.